வெண்காரம் வந்த வழி

தம்பின் பக்கத்துத் தோட்டத்தில் பாட்டி சின்னப்பிள்ளையாக இருந்தபோது லயத்துக்கு அத்தாப்புக் கூரை. “அடுப்புல பொறி பறந்தாலே நெஞ்சு பதறும்யா” என்பார். பிறகு தகரம் வந்தது. தீப்பயம் போனது, மத்தியான வெக்கை வந்தது. இலை குளிர்ச்சி, ஆனா எரியும். தகரம் எரியாது, ஆனா சுடும். இரண்டும் சேர்ந்த ஒன்று கிடைக்காதா?

1931-இல் கலிபோர்னியாவில் சாமுவேல் கிஸ்ட்லர் ஏரோஜெல் செய்தார். ஈரமான ஜெல்லைச் சும்மா காயவைத்தால், வற்றும் நீர் நுண்துளைகளின் சுவரை இழுத்துச் சுருக்கிவிடும். அவர் அழுத்தமும் சூடும் கொடுத்து, திரவம் என்ற நிலையே இல்லாமலாக்கி அதை வெளியேற்றினார். மிஞ்சியது பெரும்பகுதி காற்று. மணற்சத்தான சிலிக்காவில் மட்டுமல்ல, தாவரச் செல்லுலோஸிலும் செய்து காட்டினார். ஆனால் செல்லுலோஸ் ஏரோஜெல் அமுக்கினால் நசுங்கும், தீயும் பிடிக்கும். அத்தாப்பின் அதே குணம்.

தீக்கு மருந்து அதற்கும் பழசு. பதினெட்டாம் லூயி மன்னர் நாடக அரங்கத் துணிகள் எரியாமலிருக்க வழி கேட்டார். கே-லுசாக் 1821-இல் சொன்ன உப்புகளில் ஒன்று போராக்ஸ். வேறொன்றுமில்லை, நம்ம ஆசாரி நகை பற்றவைக்கப் போடும் வெண்காரம்தான். சூட்டில் உருகிக் கண்ணாடிபோல மூடிக்கொள்ளும். நாரை எரியவிடாமல் கரியாக்கும்.

2015-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நானோ செல்லுலோஸோடு கிராபீன் ஆக்சைடு, செபியோலைட் களிமண், வெண்காரத்தின் உறவான போரிக் அமிலம் சேர்த்து உறையவைத்து உலர்த்தினார்கள். போரிக் அமிலம் இழைகளைப் பிணைத்து உறுதி தந்தது, தீயையும் தடுத்தது. ஒரே மருந்து, இரண்டு நோய். வெப்பம் கடத்தும் அளவு சுமார் 15 மில்லிவாட். சாதாரண பாலிஸ்டைரீன் நுரைக்குச் சுமார் 35.

நமக்கு இதில் என்ன? செம்பனைக் குலை நூறு கிலோ ஆலைக்குப் போனால், காய் உதிர்ந்த வெறுங்குலை இருபது கிலோவுக்கு மேல் மிஞ்சும். அதன் நாரிலிருந்து ஏரோஜெல் செய்யும் ஆய்வு நம் தேசியப் பல்கலைக்கழகத்திலேயே நடந்திருக்கிறது. சிக்கலும் உண்டு. உறையவைத்து உலர்த்த மின்சாரம் நிறைய வேண்டும். போரிக் அமிலம் நீரில் கரையும், நம்ம மழைக்குத் தாங்காது. ஆகவே கூரைக்கு மேலே அல்ல, தகரத்துக்கு அடியில்தான் இதற்கு இடம்.

குலையைச் சுமந்தவர்கள் நம்மவர்கள். அந்த நார் ஒருநாள் பலகையானால், முதல் பலகை லயத்துத் தகரத்துக்கு அடியில் போகவேண்டும். குளிரூட்டிய மாளிகைக்கு அவசரமில்லை.