வாயு வண்ணப்பிரிகை வழி ஈரப்பத அளவீடு

தானியம், மருந்துப் பொடி, எண்ணெய், கரைப்பான் முதலியவற்றிலுள்ள நீரை ஏனைய சேர்மங்களிலிருந்து பிரித்து, தனியே அளக்கும் பகுப்பாய்வு முறை. பொருளை உலர்த்தி எடை எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதே பழைய வழி. இன்றும் அதுவே பரவலானது. ஆனால் 105 டிகிரி செல்சியசில் மிளகையோ ஏலக்காயையோ உலர்த்தினால் நீரோடு வாசனை எண்ணெயும் ஆவியாகிவிடும். எடையிழப்பு வேறு, ஈரம் வேறு.

1935இல் ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் ஃபிஷர், அயோடினும் சல்ஃபர் டைஆக்சைடும் நீர் இருந்தால்தான் வினைபுரியும் என்பதை அடிப்படையாக்கித் தரம்பார்த்தல் முறையொன்றை வகுத்தார். அது நீரை மட்டும் குறிவைத்தது. எனினும் வைட்டமின் சி இருந்தால் அதுவும் அயோடினைச் செலவழிக்கும். கீட்டோன்கள் இம்முறையில் கரைப்பானாகும் மெத்தனாலுடன் வினைபுரிந்து புதிய நீரையே உண்டாக்கும்.

1952இல் ஆய்வாளர்கள் ஜேம்ஸும் ஆர்ச்சர் மார்ட்டினும் வாயு-நீர்ம வண்ணப்பிரிகையை வெளியிட்டபோது, கலவையின் ஒவ்வொரு கூறும் குழலொன்றில் பிரிந்து, பதிவு வரைபடத்தில் தனித்தனி முகடாக வெளிவரும் வழி பிறந்தது. நீர் மட்டும் எளிதில் வசப்படவில்லை. குழலில் நிரப்பிய டயட்டமைட் மண்ணில் அது ஒட்டிக்கொண்டதால் முகடு வால்போல் நீண்டது. முகட்டின் பரப்பை நம்பி நீரை அளக்க முடியவில்லை. 1950களின் இறுதியில் வந்த சுடர் அயனியாக்க உணர்கருவியோ கரிமச் சேர்மங்களுக்குக் கூர்மையானது, நீரை உணராதது. 1962இல் நைட், வைஸ் என்னும் ஆய்வாளர்கள் இத்தடையைச் சுற்றிக் கடந்தனர். கால்சியம் கார்பைடு, அதாவது மாம்பழம் பழுக்கவைக்கப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்ட அதே கல், நீரை அசிட்டிலீனாக மாற்றியது. அசிட்டிலீனை அக்கருவி எளிதில் உணர்ந்தது.

உண்மையான திருப்பம் 1966இல் ஹோலிஸ் என்னும் ஆய்வாளர் அறிமுகப்படுத்திய நுண்துளைப் பலபடி மணிகள். ஸ்டைரீனும் டைவினைல்பென்சீனும் இணைந்த அம்மணிகளில் நீர் பற்றிக்கொள்ள இடமில்லை; அது விரைவாக, சமச்சீரான முகடாக வெளியேறியது. ஹீலியம் ஓட்டத்தில் வெப்பக் கடத்துதிறன் உணர்கருவி அதை நேரடியாகவே அளந்தது.

செய்முறையில், அரைத்த தானியத்தை உலர்ந்த மெத்தனாலில் குலுக்கி நீரை இறக்குவர். அளவறிந்த ஒப்பீட்டுச் சேர்மம் ஒன்றைக் கலந்து, தெளிந்த கரைசலில் சில மைக்ரோலிட்டரைக் கருவியில் செலுத்துவர். இரு முகடுகளின் பரப்பு விகிதம் நீரின் அளவைத் தரும். பெரும் இடர்ப்பாடு காற்றே: ஊசியிலும் குப்பியிலும் ஏறும் ஈரத்தையும், மெத்தனாலில் ஏற்கெனவே உள்ள நீரையும் வெற்றுச் சோதனையில் கண்டு கழிக்காவிட்டால் விடை கூடிவிடும். மெத்தனாலில் இறங்காத நீர் கணக்கிலும் வராது. 2010களில் வேதியியலாளர் டேனியல் ஆம்ஸ்ட்ராங்கின் குழுவினர் அயனி நீர்மம் பூசிய நுண்குழல்களைக் கொண்டு, கரைப்பான்களிலும் மருந்துகளிலும் உள்ள நுண்ணளவு நீரை அளந்தனர்.