மெழுகுதரையும் வினைல் தரையும்

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியிலுள்ள கிளமெண்டியில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டின் தரையை உளியால் பெயர்த்து நோக்கினால், இரண்டு அங்குலக் கனத்திற்குள் அரை நூற்றாண்டு வரலாறு அடுக்கடுக்காகக் கிடப்பதைக் காணலாம். எல்லாவற்றுக்கும் அடியில் கம்பி கட்டிய கான்கிரீட்டுத் தளம். அதன்மேல் மட்டம் பார்த்துப் பூசிய சிமெண்டுச் சாந்து. அதன்மேல் முதலில் குடிவந்த குடும்பம் பதித்துக்கொண்ட ஓடு. சில வீடுகளில் மகனுக்கு மணம் முடித்தபோது அந்த ஓட்டின்மேலேயே ஒட்டிய வேறோர் ஓடும் இருக்கும். இன்று அவ்வனைத்தின் மீதும் மரம்போல் தோன்றும், ஆனால் மரமல்லாத, ஒரு பலகை விரிக்கப்படுகிறது. அகழாய்வாளர்க்கு மண்ணடுக்குகள் எத்தகையனவோ, வீட்டு வாழ்க்கையின் வரலாற்றைத் தேடுவோர்க்கு இத்தரையடுக்குகளும் அத்தகையனவே. அரண்மனையின் தூண்களை எண்ணிய நம் வரலாற்று நூல்கள் தரையைக் குனிந்து பார்த்தது குறைவு.

தமிழர் தரையின் கதை சாணத்தில் தொடங்குகிறது. ‘மெழுகுதல்’ என்னும் சொல் எத்துணைப் பழமையானது என்பதைத் தமிழாசிரியர் அறிவர். புறநானூற்றின் 249ஆம் பாடலில், கணவனை இழந்தாள் ஒருத்தி அவனுக்கு உணவு படைக்க வேண்டிச் சுளகளவான சிறு இடத்தைத் தன் கண்ணீரையே நீராகக் கொண்டு சாணத்தால் மெழுகுகிறாள். சாணத்தை அப்பாடல் ‘ஆப்பி’ என்கிறது. அச்சொல் வழக்கிறந்தது, அச்செயல் ஈராயிரம் ஆண்டாய் வீடுதோறும் நிகழ்ந்துவந்தது. மண்ணை நீர்விட்டுப் பிசைந்து, திமிசுகொண்டு இடித்து இறுக்கி, காய்ந்தபின் மெழுகுவர். வெடிப்புக் கண்டால் அன்றே மண் அப்பி மூடுவர். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை புதிதாகும் தரை அது. அதன் நலமும் குறையும் அதை மெழுகும் பெண்ணின் உள்ளங்கைக்குத் தெரியும். அவளுடைய முதுகு பட்ட பாட்டை மறந்துவிட்டு அத்தரையைப் புகழ்வது நேர்மையாகாது.

செல்வர் வீடுகளில் சுண்ணாம்புத் தளம் இருந்தது. நீற்றிய சுண்ணாம்பும் மணலும் செங்கற்பொடியும் சேர்த்தரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கூட்டி, நாட்கணக்கில் தட்டித்தட்டி இறுக்கினர். பின்னர் செட்டிநாட்டில் ஆத்தங்குடி ஓடு தோன்றிற்று. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் குழம்பை அச்சில் வார்த்து, மேலே சிமெண்டும் மணலும் இட்டு, நீரில் ஊறவைத்து எடுக்கப்படும் அவ்வோட்டுக்குத் தேய்ப்பு மெருகு வேண்டா. கண்ணாடியின் வழவழப்பே ஓட்டின்மேல் பதிந்துவிடும். அந்நாட்டுச் செட்டியார்கள் சிங்கப்பூரில் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் தொழில் நடத்தியபோது, மேசை நாற்காலி இல்லாமல் தரையிலேயே அமர்ந்து, சிறு சாய்வுப் பெட்டியின் முன் வட்டிக் கணக்கு எழுதினர். தரை அவர்க்கு நடக்கும் இடம் மட்டுமன்று. கடையும் அதுவே, இரவில் படுக்கையும் அதுவே. தோட்டத்து லயன் வீடுகளில் பிறந்தோர்க்கும் இது புதிதன்று. பகலில் பிள்ளை தவழ்ந்த சிமெண்டுத் தரையிலேதான் இரவில் பாய் விரிக்கப்பட்டது.

சிங்கப்பூரில் 1960ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. மறு ஆண்டு மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட பெருந்தீ பதினாறாயிரம் பேரளவில் வீடிழக்கச் செய்தது. அதன்பின் அடுக்குமாடிகள் விரைந்து எழுந்தன. கிளமெண்டி நகரம் 1970களின் பிற்பாதியில் உருப்பெற்றது. அதற்குப் பல்லாண்டுகள் முன் இவ்வட்டாரத்தின் பெருஞ்சாலைக்குப் பெயர் ‘ரிஃபார்மட்டரி ரோடு’, அதாவது சீர்திருத்தப்பள்ளிச் சாலை. 1988 மார்ச்சு 12ஆம் நாள் கிளமெண்டிக்கு எம்.ஆர்.டி. இரயில் வந்தது. கம்பத்திலிருந்தும் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்தும் மாடி ஏறியவர்களுக்கு இதில் ஒரு பெரிய மாற்றம் நேர்ந்தது. அதுவரை தம் தரைக்குக் கீழே பூமி இருந்தது. இப்போது அண்டை வீட்டாரின் கூரை இருந்தது. உலக்கை குத்தினால் கீழ்வீட்டில் விளக்கு ஆடும். குளியலறை ஒழுகினால் கீழ்வீட்டுச் சுவர் நனையும். தரை என்பது இரு குடும்பங்களின் பொதுப்பொருளாயிற்று. தரையின் மேற்பூச்சும் சாந்தும் சேர்ந்து 50 மில்லிமீட்டருக்கு மேற்படக்கூடாது என்றும், ஓடு உடைக்கும் வேலை வாரநாட்களில் காலை 9 முதல் மாலை 5 மணிவரை மட்டுமே நடக்கலாம் என்றும், சனி ஞாயிறு பொதுவிடுமுறைகளில் கூடாது என்றும் கழகம் விதித்திருப்பது இக்காரணம் பற்றியே.

இனி வினைலின் பிறப்பைக் காண்போம். அதற்கு முன்னோடி லினோலியம். 1860களில் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் வால்டன் என்பார், ஆளிவிதை எண்ணெயைக் காற்றில் கெட்டிப்படுத்தி, தக்கைப்பொடி கலந்து, சணல் துணியின்மேல் படியவைத்து அதனைச் செய்தார். இலத்தீனில் ‘லினும்’ என்றால் ஆளிச்செடி, ‘ஓலியம்’ என்றால் எண்ணெய். பெயரே செய்முறையைச் சொல்லிவிடுகிறது. வினைலோ தோட்டத் தமிழரின் கதையோடு தொலைவிலிருந்து தொடர்புடையது. 1926இல் அமெரிக்காவின் குட்ரிச் என்னும் ரப்பர் நிறுவனத்தில் வால்டோ செமன் என்ற வேதியியலார் ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசையைத் தேடினார். பயனற்றதென ஒதுக்கப்பட்டிருந்த பாலிவினைல் குளோரைடைச் சில கரைப்பான்களோடு சூடாக்கியபோது, அது வளையும் பொருளாயிற்று. மலாயாவில் நம் மக்கள் விடியுமுன் எழுந்து பால் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், அப்பாலை வாங்கும் ஆலை ஒன்றிலேயே அதற்கு ஒரு போட்டியாளன் பிறந்தான். 1933இல் சிக்காகோ கண்காட்சியில் வினைல் ஓடு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அது உலகெங்கும் பரவிற்று.

அதன் வளர்ச்சியில் இருண்ட பக்கங்களும் உண்டு. பல்லாண்டுக் காலம் வினைல் ஓட்டில் கல்நார் கலக்கப்பட்டது. அந்நார்த்தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பது உறுதிப்பட்டபின் நாடுகள் அதனை விலக்கின. சிங்கப்பூர் 1989இல் கட்டடப் பொருள்களில் அதனைத் தடைசெய்தது. ஆகவே பழைய கட்டடத்தில் அக்கால வினைல் ஓடு இருப்பின், தகுதியுடையார் சோதிக்குமுன் அதனை உடைத்தலும் தேய்த்தலும் ஆகா. 1974இல் இன்னொரு செய்தி வெளிவந்தது. அமெரிக்க நாட்டு லூயிவில் நகரில் வினைல் ஆலைத் தொழிலாளர் சிலர் அரிய கல்லீரல் புற்றுநோயால் இறந்திருந்தனர். மூலப்பொருளாகிய வினைல் குளோரைடு ஆவியே காரணமெனத் தெரிந்தது. முடிந்த பலகையின்மேல் நடப்பவர்க்கு அக்கேடு இல்லை. எனினும் கால்படும் பொருள் எவர் கைப்பட்டு வந்தது என்பதை வரலாறு குறித்துவைக்கத்தான் வேண்டும்.

இப்போது கிளமெண்டிக் கடைகளில் ‘எஸ்.பி.சி.’ எனக் கேட்டு வாங்கப்படுவது 2010களில் பரவிய புதுவகை. பழைய வினைல் துணிபோல் வளையும். இது விறைப்பாய் நிற்கும். காரணம் அதன் நடுவடுக்கு. சுண்ணாம்புக்கற்பொடி பெரும்பங்காகவும் பிளாஸ்டிக்கு மிகுதியாகவும் சேர்த்து அழுத்தியது அது. அதன்மேல் மரக்கோடு அச்சிட்ட தாள், அதற்கும் மேல் ஒளி ஊடுருவும் தேய்மானக் காப்படுக்கு, கீழே மெத்தென்ற நுரைத்தாள். ‘டபிள்யு.பி.சி.’ எனப்படும் இன்னொரு வகையின் நடுவடுக்கு நுரைத்ததாதலின் காலுக்கு இதமானது; ஆயினும் கனத்த அலமாரியின் காலடியில் பள்ளம் விழுவது அதில் எளிது. கடுக்காய் நீரூற்றி இடித்த பாட்டன் வீட்டுச் சுண்ணாம்புத் தளம் நினைவில் உள்ளவர்க்கு, அதே கல் வேறு கோலத்தில் மாடிவீட்டுக்குத் திரும்பியிருப்பது வியப்பளிக்கும்.

தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் நிறத்தைப் பார்க்கிறார்கள். அடுத்து மொத்தக் கனத்தைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டுவது மேலடுக்கின் கனம். 0.3 மில்லிமீட்டர் படுக்கையறைக்குப் போதும். பிள்ளைகளும் விருந்தினரும் புழங்கும் கூடத்துக்கு 0.5 இருப்பது நலம். இவ்வடுக்கு தேய்ந்துவிட்டால் மரத்தைப்போல் இழைத்துப் புதுப்பிக்க இயலாது. பலகையை மாற்றுவது ஒன்றே வழி.

இப்பலகை விரும்பப்படுவதற்குத் தலையாய காரணம், பழைய ஓட்டை உடைக்காமலே அதன்மேல் விரிக்கலாம் என்பது. பசை வேண்டா, ஒன்றின் நாக்கு மற்றொன்றின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். ஐரோப்பியர் 1990களில் மரப்பலகைக்காகக் கண்ட பூட்டுமுறை இது. நாற்பதாண்டாக அதே வீட்டில் வாழும் முதியவர்க்கு உளி ஓசையும் தூசும் இல்லை. வீட்டைக் காலிசெய்து மகள் வீட்டுக்குப் போகவும் வேண்டா. இது பெரிய நன்மை என்பதில் ஐயமில்லை. ஆயின் ‘உடைக்க வேண்டா’ என்பதை ‘பார்க்க வேண்டா’ என்று கொண்டுவிடுவோர் பலர். 2018 சனவரியில் சில நாள் குளிர் மிகுந்தபோது சிங்கப்பூரில் பல வீடுகளின் தரையோடுகள் வெடித்துக் கூடாரம்போல் எழுந்தன. கான்கிரீட்டும் ஓடும் வெவ்வேறளவில் சுருங்குபவை. இடையிலுள்ள சாந்தின் பிடி தளர்ந்திருந்தால் ஓடு கிளம்பிவிடும். அப்படித் தளர்ந்த ஓட்டின்மேல் வினைலை விரித்தால் குறை மறைகிறதேயன்றித் தீர்வதில்லை. அடியோடு அசைய, மேலே பூட்டு ஒடியும்.

ஆகவே சந்தையில் பானை வாங்குவோர் தட்டிப் பார்ப்பதுபோல் ஒவ்வோர் ஓட்டையும் மரக்கட்டையால் தட்டிப் பார்த்தல் வேண்டும். பொள்ளலாக ஒலிப்பவற்றைப் பெயர்த்துச் சாந்திட்டு நிரப்ப வேண்டும். இரண்டு மீட்டர் நீள மட்டப்பலகையை வைத்தால் அடியில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிதல் ஆகாது. ஓட்டின் இடைக்கோடுகள் அகன்றிருந்தால் அவற்றையும் பூசி நிரவ வேண்டும். இவ்வேலைக்கு ஒரு நாள் கூடுதலாகும் என்றால் முகஞ்சுளிக்கும் வீட்டுக்காரர், பின்னர் பலகை ‘டொக்கு டொக்கு’ என்று ஒலிக்கும்போது ஒப்பந்தக்காரரைக் குறைகூறுவார். ஒப்பந்தக்காரரோ பலகையைக் குறைகூறுவார். மண்தரையை மெழுகிய பெண்ணுக்கு இக்குழப்பம் இருந்ததில்லை.

சுவரோரம் முழுதும் எட்டு மில்லிமீட்டரளவு இடம் விட வேண்டும்; வெயிலில் தரை விரியும். மேற்குப் பார்த்த சன்னலில் மாலைவெயில் நேரே விழும் வீடுகளில் திரைச்சீலை இன்றியமையாதது. இடம் விடாத தரை நடுவில் மேடிடும். சுவரோடு சேர்த்துச் செய்யும் அலமாரிகளை முதலில் நிறுத்திவிட்டுத் தரையை அவற்றின் விளிம்புவரை கொண்டுபோவதே முறை; மிதக்கும் தரையின் தலையில் பாரத்தைக் கட்டினால் அது விரிய இயலாது. கதவுகளின் அடியை அறுக்க நேரும். ஆனால் 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீடுகளிலுள்ள காப்பறையின் இரும்புக்கதவை அறுக்க முடியாது. அக்கதவு திறக்கும் இடத்தை அளந்துவிட்டே கனத்தை முடிவுசெய்ய வேண்டும். குளியலறை வாசலில் தரை உயர்ந்து திண்டு தாழ்ந்துபோனால் நீர் கூடத்துக்குள் வரும். பலகை நீரில் ஊறாது என்பது மெய். இடுக்கில் இறங்கிய நீர் அடியில் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும் என்பதும் மெய்.

பேணுவது எளிது, எளிது என்பதாலேயே கெடுப்பவர் உண்டு. மென்துடைப்பத்தால் மணலைக் கூட்டி, நன்கு பிழிந்த துணியால் துடைத்தால் போதும். நீராவித் துடைப்பானும் மெழுகுப்பூச்சும் கூடா. ரப்பர் அடியுள்ள மிதியடியை நெடுநாள் ஒரே இடத்தில் போட்டால் மஞ்சட்கறை ஏறும், அக்கறை போகாது. சமையலறையில் மஞ்சள்தூள் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். விளக்கு ஏற்றும் இடத்தில் தட்டு வைத்துக்கொள்வது நன்று. புதுமனை புகுவிழாவில் வேள்வி வளர்ப்போரும் அடுப்பில் பால் காய்ச்சுவோரும் நினைவில் வைக்க வேண்டியது, வினைல் சூட்டில் இளகும் என்பது. இரண்டு வரிசைச் செங்கல் அடுக்கி, அதன்மேல் மணல் நிரப்பிய தகரத் தட்டை வைத்து நெருப்பிட வேண்டும். அன்று காலை சில நாழிகைக்கேனும் அடுக்குமாடியில் ஒரு மண்தரை அமைகிறது.

வேலை முடிந்தபின் எஞ்சும் ஒரு பெட்டிப் பலகையைத் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கிவிடுவது பெருவழக்கம். அதே அச்சும் அதே பூட்டும் அடுத்த சில ஆண்டில் சந்தையில் கிடைக்குமென்ற உறுதி இல்லை. கட்டிலுக்கடியில் தட்டையாகப் படுக்கவைத்துக் காத்தால், ஒரு பலகை கெடும் நாளில் முழுக் கூடத்தையும் பெயர்க்காமல் தப்பலாம்.