ஸ்டேட்டஸ் கோ

ஸ்டேட்டஸ் கோ: இப்போதுள்ள நிலை எனப் பொருள்படும் லத்தீன் தொடர். நீதிமன்ற வழக்கில், வழக்கு முடியும்வரை இரு தரப்பும் எதையும் மாற்றக் கூடாது என்னும் உத்தரவைக் குறிக்கும். நாளிதழ்கள் ‘தற்போதைய நிலை தொடர உத்தரவு’ என எழுதினாலும், மதுரைப் பக்கத்துக் கட்சிக்காரர்கள் ‘ஸ்டேட்டஸ் கோ வாங்கியாச்சு’ என்றே ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். தடையாணை வேறு, இது வேறு. ‘ஸ்டே’ ஒரு செயலையோ உத்தரவையோ நிறுத்திவைப்பது; ஸ்டேட்டஸ் கோ, வாங்கியவரையும் சேர்த்தே கட்டும்.

போருக்கு முன்பிருந்த நிலைக்குத் திரும்புதல் என்ற பொருளில் இத்தொடர் ஐரோப்பிய உடன்படிக்கைகளில் புழங்கியது. பிரிட்டனும் அமெரிக்காவும் 1814-இல் செய்துகொண்ட கென்ட் உடன்படிக்கை அறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஜெருசலேமின் புனிதத் தலங்களில் எந்தச் சபைக்கு எந்த உரிமை என்பதை 1852-இல் ஒட்டோமான் சுல்தான் அன்றிருந்தபடியே நிறுத்திவைத்தார். அங்குள்ள திருக்கல்லறைத் தேவாலயத்தின் சன்னலடியில் சாத்திய மர ஏணி, எடுக்கும் உரிமை யாருக்கு என்று முடிவாகாததால் இன்றும் அங்கேயே இருக்கிறது.

தமிழகத்தில் ஆங்கிலேயர் காலக் கச்சேரிகளில் ‘மாமூல்’ என்ற சொல் ஏறக்குறைய இதே வேலையைச் செய்தது: கோயில் மரியாதை, கண்மாய் நீர்ப்பங்கு எல்லாவற்றிலும் மாமூல்படி நடக்கட்டும் என்பதே முதல் தீர்வு. (அச்சொல் பின்னாளில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் கடைக்காரர்கள் அறிவர்.) மாமூல் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததில்லை. அதைக் காட்டித்தான் கமுதிக் கோயில் நாடார்களுக்கு மறுக்கப்பட்டது. பிரிவி கவுன்சிலும் 1908-இல் அதை ஏற்றது. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாதய்யர், கக்கன் உள்ளிட்ட, கோயில் நுழைவு மறுக்கப்பட்டோருடன் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது உடைந்ததும் அத்தகைய ஒரு மாமூலே. திருப்பரங்குன்றம் மலை யாருக்கு உரியது என்ற வழக்கில் மதுரை சார்பு நீதிமன்றம் 1923-இல் அளித்த தீர்ப்பைப் பிரிவி கவுன்சில் 1931-இல் நிலைநாட்டியது. ஆயினும் அங்கு இருந்துவந்த வழக்கம் எது என்ற வாதம் பிற்கால வழக்குகளிலும் எழுந்தது.

மதுரைச் சமவெளிக்கு இத்தொடரின் முழுக் கதையையும் காணக் கிடைப்பது, அதற்கு நீர் தரும் முல்லைப் பெரியாற்று அணையில். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருடன் கையெழுத்தான குத்தகை 999 ஆண்டுக்கு. நீர்தேங்கும் 8,000 ஏக்கரில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை. திருவிதாங்கூர் அதை மனமொப்பி ஏற்றதா, நெருக்கடியில் ஏற்றதா என்பதில் தமிழகத்தாரும் கேரளத்தாரும் ஒத்துப்போவதில்லை. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய அணை 1895-இல் திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வைகைக்கு வந்தது. கள்ளந்திரி வரை இருபோகம் 45,041 ஏக்கர். அதற்குக் கீழே மேலூர், திருமங்கலம் பகுதிகளில் ஒருபோகம் 1,05,002 ஏக்கர். தண்ணீர் திறப்பு அறிவிப்பு வரும்போதெல்லாம் ஏக்கர் கணக்கு ஒற்றை இலக்கம் வரை அச்சாகும்.

1970-இல் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயானது. 1979-இல் குஜராத்தின் மோர்வியில் அணை உடைந்த ஆண்டிலேயே பெரியாறு குறித்தும் அச்சம் எழ, 152 அடி வரை நீர் தேக்கக்கூடிய அணையின் நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. பலப்படுத்தும்வரை மட்டும் என்பது தமிழகத்தின் வாதம். அபாயம் நீங்கவில்லை என்பது கேரளத்தின் வாதம். தற்காலிகமாக இறக்கியது கால் நூற்றாண்டில் வழக்கமாகிவிட்டது. அணையின் உச்சியில் கான்கிரீட் தொப்பி, பின்புறம் தாங்குசுவர், உடலில் கம்பி நங்கூரங்கள் என வேலைகள் நடந்தன. 2006 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது; கேரள சட்டமன்றம் அடுத்த மாதமே 136 அடியைச் சட்டமாக்கியது.

வழக்கு அரசியல் சாசன அமர்வுக்குப் போன 2009 நவம்பரில் ஸ்டேட்டஸ் கோ உத்தரவு வந்தது. பராமரிப்பு வேலைகளுக்கு அது தடையாகாது என்றும் சொல்லப்பட்டது. தமிழகம் கேட்ட நிலை (142 அடி) வேறு, தொடர்ந்த நிலை (136 அடி) வேறு. இவ்வகை உத்தரவுகளில் தகராறு பெரும்பாலும் தேதியைப் பற்றியதே. நிலத் தகராறானால் வழக்கறிஞர் ஆணையர் ஒருவர் வரப்பில் நின்று, வேலி எங்கே, பயிர் யாருடையது என்று எழுதிவைப்பார். 1991-ஆம் ஆண்டு வழிபாட்டுத் தலங்கள் சட்டம் 1947 ஆகஸ்ட் 15 என்று தேதியையே குறித்துவிட்டது. பெரியாற்று வழக்கிலோ 2014 மே 7 அன்று கேரளச் சட்டப் பிரிவு செல்லாதென்றாகி, அவ்வாண்டு நவம்பரில் நீர் 142 அடியைத் தொட்டது.

2014 தீர்ப்பின்படி அமைந்த மேற்பார்வைக் குழுவுக்கு 2022-இல் அணைப் பாதுகாப்புச் சட்ட அதிகாரங்கள் தரப்பட்டன. நீர்மட்டத்தை 152 அடிக்கு உயர்த்தும் முன் பலப்படுத்த வேண்டிய, முதன்மை அணையை ஒட்டிய சிறிய பேபி அணையருகே 15 மரங்களை வெட்டக் கேரள வனத்துறை 2021 நவம்பரில் தந்த அனுமதி அதே மாதம் ரத்தானது.