வீட்டு மின்கட்டணமும் மறைசெலவும்: பழனி மலைத்தொடர்

மின்சாரத்தை உண்டாக்கும்போதும் கொண்டுவந்து சேர்க்கும்போதும் நேர்ந்து, மின்கட்டணத்தில் ஏறாமல் வேறு யார் தலையிலோ விழும் செலவே மறைசெலவு. கெட்ட காற்றால் வரும் நோய், சாம்பல் கலந்த ஆறு, அழிந்த புல்வெளி, மின்வாரியத்தின் கடன் எல்லாம் இதில் சேரும். கொடைக்கானலை உச்சியில் கொண்ட பழனி மலைத்தொடரில் அனல்மின் நிலையம் கிடையாது. மாநில மின்தொகுப்பிலிருந்துதான் மின்சாரம் மலையேறி வருகிறது. ஆனாலும் மறைசெலவை நேரில் பார்க்க இதைவிடத் தோதான இடம் தமிழ்நாட்டில் அரிது. மின்சாரத்துக்கு முன்பு இந்த மலையின் குளிர் போக்கிய விறகு, விலை மலிவாகவே இருந்தது. அதற்கு மலை கொடுத்தது என்ன என்பது இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது.

முதலில் கட்டணம். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பர் 10-இல் நடப்புக்கு வந்த கட்டணப்படி 200 யூனிட் செலவழித்த வீடு 225 ரூபாய் கட்டியது. சராசரியாக யூனிட்டுக்கு ஒரு ரூபாய் 12 காசு. 1,000 யூனிட்டைத் தாண்டியவருக்கு அடுத்த ஒவ்வொரு யூனிட்டும் 11 ரூபாயாக இருந்தது. 2024 ஜூலையில் கட்டணம் 4.83 சதவீதம் ஏறியது. ஒரே கம்பியில் வரும் ஒரே மின்சாரத்துக்கு இத்தனை விலை இருப்பதால், இந்த எண்களை வைத்து எந்த மாநிலத்தில் மின்சாரம் மலிவு என்று பேசுவதில் பொருளில்லை. எந்தச் செலவை வீட்டுக்காரர் கட்டுகிறார், எதை அரசு மானியமாகத் தருகிறது, எது கடனாக நிற்கிறது என்பதைத்தான் அவை காட்டுகின்றன. மலைக்கு அந்த இலவசமும் வேறு மாதிரி: 2 கிலோவாட் கீசரை தினம் ஒரு மணி நேரம் போட்டால் 60 நாளில் 120 யூனிட். கொடைக்கானலில் வெந்நீருக்கே 100 யூனிட் பற்றாது.

விறகின் கதைக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் குடியேறிய வெள்ளையரோடு ஆஸ்திரேலிய யூக்கலிப்டஸ் மரமும் வாட்டில் மரமும் இங்கே வந்தன. விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், பின்னாளில் ஆலைகளுக்கான மரக்கூழுக்கும் வனத்துறை அவற்றைப் புல்வெளிகளில் நட்டது. புல்வெளி வெறும் தரிசு என்று கருதப்பட்டதால் அதன் இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018-இல் வெளியான ஆய்வு, சுமார் 40 ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டதைக் காட்டியது. காரணம் மரத்தோட்டங்களும் விவசாயமும். சோலைக் காடும் புல்லும் மழையைப் பிடித்து வைத்து மெல்ல விடுவதால்தான் வடக்கே அமராவதிக்கும் தெற்கே வைகைக்கும் ஓடைகள் இறங்குகின்றன. வாட்டில் இன்று வெட்ட வெட்ட முளைக்கிறது. அதை அகற்றும் செலவு அரசின் தலையில் வந்து நிற்கிறது. அந்த விறகை எரித்துக் குளிர் காய்ந்தவர்கள் அதில் ஒரு காசும் கொடுத்ததில்லை.

நிலக்கரியிலும் இதே கதைதான், ஆனால் இழப்பு நிகழும் இடம் தொலைவில். எண்ணூர், தூத்துக்குடி அனல்மின் நிலையங்களில் குவியும் சாம்பலை மலைவாசி பார்ப்பதில்லை. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2009-இல், பருவநிலை பாதிப்பைச் சேர்க்காமலே, நிலக்கரி மின்சாரத்தின் மறைசெலவை யூனிட்டுக்கு 3.2 சென்ட் என்று மதிப்பிட்டது. அன்றைய மாற்று விலையில் சுமார் ஒன்றரை ரூபாய். அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்த முடியாது என்றாலும் அளவைப் புரிந்துகொள்ள உதவும். இந்தியா 2010-இல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கிய நிலக்கரி வரி 2016-இல் 400 ஆனது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி என்று வைத்தால் அது 28 காசு. அந்தக் காசும் 2017-க்குப் பிறகு ஜி.எஸ்.டி. இழப்பீட்டுக்குப் போனது, நோயாளிக்கோ ஆற்றுக்கோ போகவில்லை.

புல்வெளிக்கும் மூச்சுக்கும் ரூபாயில் விலை போடுவது செயற்கை என்பார்கள். போடாவிட்டாலும் விலை ஒரு நாள் வந்தே தீரும் என்பதற்குக் கொடைக்கானல் பாதரச வெப்பமானி ஆலையே சான்று. ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் அந்த ஆலை 2001-இல் மூடப்பட்டது. 2003-இல் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு 2016-இல்தான் வந்தது. ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம் என்ற வழக்காடல் அதன் பிறகும் தொடர்ந்தது. வெப்பமானி வாங்கியவர் எவரும் இதற்குப் பணம் கட்டவில்லை. நிலக்கரியிலும் பாதரசம் உண்டு. அனல் நிலையங்களுக்கான 2015-ஆம் ஆண்டு மாசு விதிகளில் அதற்கும் வரம்பு இருக்கிறது. அதே விதிகள் கந்தக வாயுவுக்கு வைத்த கெடுவோ தள்ளித் தள்ளிப் போய், 2025-இல் பெரும்பாலான நிலையங்களுக்கு வடிகட்டும் கருவி பொருத்துவதிலிருந்தே விலக்குக் கிடைத்தது.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது: கட்டணத்தை ஏற்றினால் மன்னவனூர், பூம்பாறை போன்ற மலைக் கிராமங்களில் ஏழை வீடுகள் மறுபடி விறகுக்குத்தான் போகும், காடு இன்னும் கெடும். அது உண்மை. அதனால்தான் மறைசெலவை முதல் 100 யூனிட்டின் மீது ஏற்றக் கூடாது. உற்பத்தி நிலையத்தின் வாசலில் வசூலித்து, அதிக யூனிட் செலவழிப்பவர்களின் உயர்ந்த கட்டண அடுக்குகளில் மட்டும் வீடுகளுக்கு மாற்ற வேண்டும். அடுக்குக் கட்டணம் ஏற்கெனவே இருப்பதால் இதற்குப் புதிய ஏற்பாடு வேண்டியதில்லை. வசூலித்த பணம் எங்கே போகிறது என்பதைப் பில்லில் ஒரு வரியாக அச்சிட்டால் போதும்.