ஆதரவு, துணை, பரிவு, வாதம்: உரிமைப் போராட்டத்தில் எந்தச் சொல் எங்கே?

வன்கொடுமை நிகழ்ந்த மறுநாளே கண்டன அறிக்கைகள் வெளிவருகின்றன. 'ஆதரவு தெரிவிக்கிறோம்', 'துணைநிற்போம்', 'குரல் கொடுப்போம்', 'வாதாடுவோம்', 'பாதுகாப்போம்' ஆகிய சொற்கள் அவற்றில் ஒரே பொருளுடையவை போல மாற்றி மாற்றி எழுதப்படுகின்றன. மேடைப் பேச்சில் இதனால் பெரிய இழப்பில்லை. ஆனால் அதே அறிக்கை, பின்னொரு நாள் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையின்போது சாட்சியின் முன் நீட்டப்படலாம். "இந்த அமைப்பு தூண்டியதால்தானே புகார் கொடுத்தீர்கள்?" என்பது வன்கொடுமை வழக்குகளில் எதிரி தரப்பு வழக்கமாகக் கேட்கும் கேள்வி. அதற்குரிய விடையை நாம் தேர்ந்தெடுக்கும் சொல்லே எளிதாக்கலாம், சிக்கலாக்கவும் செய்யலாம்.

ஒவ்வொரு சொல்லையும் மூன்று கேள்விகளால் அளந்து பார்க்கலாம். பேசுபவர் யார்? அவருக்கு அந்த அதிகாரத்தை வழங்கியவர் யார்? அச்சொல்லைச் சொன்னபின் அவர் ஆற்ற வேண்டிய கடமை என்ன?

இவ்வளவீட்டுக்குத் தருமபுரி மாவட்டமே தகுந்த எடுத்துக்காட்டைத் தருகிறது. அரூர் வட்டத்திலுள்ள வாச்சாத்தி, பழங்குடி மக்களின் ஊர். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகியவற்றைச் சேர்ந்தோர், சந்தனக் கட்டைச் சோதனை என்ற பெயரில் ஊருக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர். 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் 269 எதிரிகளில் உயிருடன் இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. இந்த 31 ஆண்டுகளில் மேற்கண்ட சொற்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பணி இருந்தது.

ஆதரவு

தொலைவில் இருந்தும் தரக்கூடியது ஆதரவு. 'வெளியிலிருந்து ஆதரவு' என்பதும் 'ஆதரவை விலக்கிக்கொள்வது' என்பதும் நம் அரசியலில் பழகிய தொடர்கள். 'ஆதரவற்றோர் இல்லம்' என்னும்போது, தருபவர் மேலும் பெறுபவர் கீழும் நிற்கிறார்கள். கோரிக்கைக்கோ போராட்டத்துக்கோ ஆதரவு தெரிவிப்பது பொருத்தமானது. பாதிக்கப்பட்ட மனிதருக்கு 'ஆதரவு அளிக்கிறோம்' என்று எழுதுமுன், உரிமையைக் கோருபவரை உதவி பெறுபவராக மாற்றிவிடுகிறோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

துணைநிற்றல்

இதற்கு உடலும் காலமும் தேவை. வாய்தாவுக்கு வாய்தா பேருந்து ஏறி நீதிமன்றத்துக்கு வரும் சாட்சியுடன் வருபவரே துணைநிற்பவர். வாச்சாத்தி வழக்கில் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் ஆற்றிய பணிக்கு உரிய சொல் இதுவே. சாட்சியமளித்தவர்கள் அந்தப் பெண்களும் ஊர் மக்களும்.

இச்சொல்லுக்குச் சட்டத்திலும் இடமுண்டு. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு 15அ(12), தன்னார்வ அமைப்புகள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை என்கிறது. ஆகவே துணை என்பது நாம் வழங்கும் கொடையன்று. அவர் தம் உரிமையால் அழைத்துக்கொள்வது. 'தூண்டிவிட்டார்கள்' என்னும் குற்றச்சாட்டுக்குச் சட்டம் தரும் நேரடி விடையும் இதுதான்.

பரிந்து பேசுதல், பரிந்துரை

இவற்றின் வேர் பரிவு. முடிவெடுக்கும் அதிகாரம் மற்றொருவரிடம் உள்ளபோது, அவர் மனம் இரங்குமாறு பேசுவது பரிந்து பேசுதல். பரிந்துரையை ஏற்பதும் விடுவதும் அதைப் பெறுபவரின் விருப்பம். எனவே சட்டப்படி கிடைக்க வேண்டியதைக் கோரும் மனுவில் இச்சொல்லுக்கு வேலையில்லை. வன்கொடுமைத் தடுப்பு விதி 12(4), பாதிக்கப்பட்டோருக்கு 7 நாட்களுக்குள் நிவாரணம் வழங்குவதை மாவட்ட நிர்வாகத்தின் கடமையாக்குகிறது. அங்கே 'பரிவுடன் பரிசீலிக்க' என எழுதுவது, கடமையைக் கருணையாகச் சுருக்கிவிடும். 'விதி 12(4)-இன்படி வழங்குக' என்பதே போதும்.

குரல் கொடுத்தல்

திரைப்படத்தில் ஒருவர் முகத்துக்கு மற்றொருவர் பேசுவதையும் 'குரல் கொடுத்தல்' என்றே சொல்கிறோம். அந்த ஆபத்து இச்சொல்லில் எப்போதும் உண்டு. 1920-இல் அம்பேத்கர் தம் இதழுக்கு 'ஊமைகளின் தலைவன்' எனப் பொருள்படும் 'மூக்நாயக்' என்னும் பெயரிட்டார். ஒடுக்கப்பட்டோருள் ஒருவராக நின்று அவர் இட்ட பெயர் அது. தமிழகத்திலோ 1893-லேயே இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கிவிட்டார். இம்மக்களுக்குக் குரல் இருந்தது. கேட்க மறுத்தவர்களே மிகுதி. ஆதலால் 'குரலற்றவர்களின் குரலாக' என்பதைத் தவிர்த்து, 'அவர்கள் கோரிக்கையை நாங்களும் எழுப்புகிறோம்' என்று எழுதலாம்.

வழக்காடுதல், வாதாடுதல்

வழக்காடுபவர் வழக்கின் தரப்பினர். வாதாடுபவர் அத்தரப்பின் வழக்கறிஞர். கட்சிக்காரர் கையொப்பமிட்டுத் தரும் வக்காலத்தே வழக்கறிஞரின் அதிகாரம். குற்ற வழக்கில் அரசே ஒரு தரப்பு. பாதிக்கப்பட்டவர் 'அரசுத் தரப்பு சாட்சி'. வாச்சாத்தியில் தாக்கியோரும் அரசு ஊழியர்களே. ஆயினும் அந்தப் பெண்கள் நீதிமன்றப் பதிவேட்டில் அரசுத் தரப்பு சாட்சிகளாகவே இடம்பெற்றனர். தரப்பைக் குறிக்கும் சொல் எப்போதும் உண்மை நிலையைச் சொல்லிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வன்கொடுமை வழக்கு விசாரணையை நடத்துபவர் சிறப்பு அரசு வழக்கறிஞர். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 18(8), நீதிமன்ற அனுமதியுடன் பாதிக்கப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரை அரசுத் தரப்புக்கு உதவியாக அமர்த்த இடமளிக்கிறது. ஆகவே பொதுவாக அமைப்பின் வழக்கறிஞர் அங்கே 'வழக்கை நடத்துகிறார்' எனல் பிழை. 'அரசுத் தரப்புக்கு உதவுகிறார்' என்பதே சரி. ஆனால் பிணை, விடுவிப்பு, தண்டனை முதலிய நிலைகளில் பாதிக்கப்பட்டவருக்கே பேசும் உரிமையைப் பிரிவு 15அ(5) தருகிறது. 2021-இல் உச்ச நீதிமன்றம் ஹரிராம் பாம்பி வழக்கில் இதைக் கட்டாயமானதென உறுதிசெய்தது. அந்நிலைகளில் 'அவர் சார்பில் வாதாடினோம்' எனத் தயங்காமல் எழுதலாம்.

பாதுகாத்தல், தற்காத்தல்

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நாய்க்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன. இத்தகைய வேளையில் 'மக்களைப் பாதுகாப்போம்' என நாம் முழங்குவது உணர்ச்சிமிக்கது. ஆனால் பாதுகாப்பு அரசின் கடமை. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் மிரட்டலிலிருந்தும் வன்முறையிலிருந்தும் காக்கும் பொறுப்பைப் பிரிவு 15அ(1) அரசின்மீதே சுமத்துகிறது. 'பாதுகாப்பை உறுதிசெய்ய வைப்போம்' என்று எழுதினால் பொறுப்பு உரிய இடத்திலேயே நிற்கும்.

தற்காத்தல் தம்மைத் தாமே காத்துக்கொள்வது. பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதை உரிமையாக ஏற்கின்றன. தாக்க வந்தோரைத் தடுத்தவர்களின் செயலை 'மோதல்' எனக் குறிக்கும் செய்தி, அந்த உரிமையை வாசகர் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

முட்டுக்கொடுத்தல், சப்பைக்கட்டு, வக்காலத்து வாங்குதல்

நியாயமற்றதை நிமிர்த்தி நிறுத்த முயல்வதைக் குறிக்கும் இகழ்ச்சிச் சொற்கள் இவை. சாதி வன்முறைக்குக் காரணம் கற்பிக்கும் அறிக்கைகளைச் சப்பைக்கட்டு எனலாம். ஆனால் எதிரிக்காக வாதாடும் வழக்கறிஞரை அவ்வாறு அழைக்கலாகாது. தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கொண்டு வாதாடும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 22(1) அனைவருக்கும் தருகிறது. பொய் வழக்குகளில் சிக்கவைக்கப்படும் நம் இளைஞர்களுக்கும் அதுவே அரண்.

அறிக்கை எழுதும்போது

'பாதிக்கப்பட்ட சகோதரிக்கு ஆதரவளித்து, அவரது குரலாக நின்று, இவ்வழக்கை எங்கள் அமைப்பு நடத்துகிறது' என்பது பரவலாகக் காணும் வாக்கியம். அதில் புகார்தாரர் எங்குமில்லை. 'அவர் தாமே புகார் அளித்துள்ளார். பிரிவு 15அ(12)-இன்படி அவர் கேட்டுக்கொண்டதால் துணைநிற்கிறோம். அவருக்கும் சாட்சிகளுக்கும் அரசு பாதுகாப்பளிக்க வேண்டும் எனக் கோருகிறோம்' என்று மாற்றினால், எழுவாய் மீண்டும் அவராகிறார். வெளியிடுமுன் அறிக்கையை அவரிடம் படித்துக்காட்டி ஒப்புதல் பெறுவதும், பாலியல் வன்கொடுமை எனில் அவரை அடையாளம் காட்டும் விவரம் எதையும் சேர்க்காதிருப்பதும் நம் கடமை.