ரேடியோ வெச்சா மட்டும் போதுமா? தூரத்தில் இருந்து சொல்லித்தரும் 300 வருஷக் கதை

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

கொரோனாவுக்குப் பிறகு பயிற்சிகளில் பாதி ஆன்லைனுக்கு வந்துவிட்டது. எங்களுக்கு மட்டுமில்லை. வங்கி, பள்ளிக்கூடம், கிளையன்ட்டுக்கு ஒர்க்‌ஷாப் நடத்தும் கம்பெனி என்று எல்லா இடத்திலும் இதே கதைதான். லிங்க் வரும், நூறு பேர் சேருவார்கள், எல்லாரும் மியூட். ஒருத்தர் ஒரு மணி நேரம் ஸ்லைடு படிப்பார். "ஏதாவது டவுட் இருக்கா?" சத்தமே வராது. "ஓகே, தேங்க் யூ." வருகைப்பதிவு முடிந்தது.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்டால், ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். பாம்புக்கடி பயிற்சி என்று வையுங்கள். ஸ்லைடில் நான்கு பாம்பு படம் இருக்கும். ஆனால் கிராம சுகாதார செவிலியருக்கு உண்மையில் தேவையான கேள்வி வேறு: "கடிச்ச தடமே இல்ல டாக்டர். ராத்திரி தரையில படுத்தவரு விடியக்காலைல வயிறு வலிக்குதுங்கறாரு, கண்ணிமை தூக்க முடியல. அப்பவும் அனுப்பணுமா?" அனுப்பணும், உடனே அனுப்பணும். அது கட்டுவிரியனாக இருக்கலாம். பல நேரம் அதன் கடி வலிக்காது, தடமும் தெரியாது. அந்தக் கேள்வி பயிற்சியில் வரவில்லை என்றால், ஒரு நாள் நேராக வார்டுக்குத்தான் வரும். அப்போது நேரம் போயிருக்கும்.

சரி, முகம் பார்க்காமல், தூரத்தில் இருந்து ஒரு வேலையைச் சொல்லித்தர முடியுமா? முடியும். நம்ம ஊர்ப்பக்கமே இதற்குப் பழைய வரலாறு இருக்கிறது.

அரியலூர் மாவட்டம், கொள்ளிடத்தின் வடகரை, ஏலாக்குறிச்சி. அடைக்கல மாதா கோயில் என்றால் எல்லாருக்கும் தெரியும். வீரமாமுனிவர் இதைத் திருக்காவலூர் என்று அழைத்தார். இத்தாலியில் 1680-இல் பிறந்த பெஸ்கி பாதிரியார்தான் அவர். தேம்பாவணி, சதுரகராதி, பரமார்த்த குரு கதை எல்லாம் நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே அறிமுகம். அதிகம் பேசப்படாத ஒரு புத்தகமும் உண்டு. 1727-இல் அவர் எழுதிய 'வேதியர் ஒழுக்கம்'.

வேதியர் என்றால் இங்கே உபதேசியார். அன்று நிலைமை என்ன? பாதிரியார் ஒருத்தர், பார்க்க வேண்டிய ஊர்கள் ஏராளம். ரோடு கிடையாது, கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தால் அக்கரை போகவும் முடியாது. அவர் ஒரு ஊருக்கு எப்போதாவதுதான் வரமுடியும். மீதி நாளெல்லாம் அந்த ஊரில் ஜனங்களோடு இருப்பவர் உபதேசியார். ஆகவே அவர் எப்படி நடக்கணும், மற்றவருக்கு எப்படிச் சொல்லித்தரணும் என்று உரைநடையில் ஒரு புத்தகமே எழுதினார். செய்யுளில் காப்பியம் எழுதத் தெரிந்தவர், வேலைக்கு வேண்டிய நூலை உரைநடையில் எழுதினார். அதைக் கவனியுங்கள்.

மதம் நம்ம விஷயம் இல்லை. அவர் போட்ட கணக்குதான் விஷயம்: நான் இல்லாத இடத்தில் வேலை நடக்கணும் என்றால், அங்கே இருக்கும் ஆள்தான் முக்கியம்.

அடுத்து ரேடியோ காலம். ஏலாக்குறிச்சியில் இருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம். திருச்சி வானொலி 1939-இல் தொடங்கியது. 1960-களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து ஏ.டி.டி. 27 என்ற புது நெல் வந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றித் தொடர்ந்து பேசியது. தஞ்சாவூர் விவசாயிகள் அந்த நெல்லுக்கு வைத்த பெயரே 'ரேடியோ நெல்'! தூரத்தில் இருந்து வந்த குரலை நம்பி வயலில் விதையை மாற்றினார்கள்.

அப்போ ரேடியோ வெச்சா போதுமா? இந்தக் கேள்விக்கு அதற்கு முன்பே ஒரு நல்ல ஆய்வு நடந்திருந்தது. இந்த த்ரெட்டின் மையமே அதுதான்.

1956-இல் யுனெஸ்கோ உதவியோடு புனே வானொலி ஒரு சோதனை செய்தது. அன்றைய பம்பாய் மாநிலத்தில் 5 மாவட்டங்கள், சுமார் 150 கிராமங்கள். வாரம் 2 நிகழ்ச்சி, ஒவ்வொன்றும் அரை மணி நேரம், மொத்தம் 20 நிகழ்ச்சிகள். ஒவ்வொரு கிராமத்திலும் அதிகபட்சம் 20 பேர் கொண்ட ஒரு மன்றம். கூடி உட்கார்ந்து கேட்கணும். முடிந்ததும் ரேடியோவை அணைத்துவிட்டு விவாதிக்கணும். மன்றத்தை நடத்த உள்ளூர் ஆள் ஒருவர். வந்த சந்தேகங்களை அவர் எழுதி வானொலிக்கு அனுப்புவார். பதில் அடுத்து வரும் நிகழ்ச்சியில். கேள், விவாதி, செய். இதுதான் முறை. கனடா விவசாயிகள் 1940-களில் செய்ததைப் பார்த்து எடுத்தது.

பம்பாய் டாடா சமூக அறிவியல் நிறுவனம் இதை மதிப்பிட்டது. பால் நியூரத் என்ற சமூகவியலாளர் ஆய்வை நடத்தினார். மூன்று வகைக் கிராமங்களை ஒப்பிட்டார்கள்: மன்றம் உள்ளவை, ரேடியோ மட்டும் உள்ளவை, ரெண்டும் இல்லாதவை. மருத்துவத்தில் நாங்கள் கன்ட்ரோல் குரூப் என்போமே, அதே மாதிரி.

முடிவு? மன்றம் இருந்த கிராமங்களில் ஜனங்களின் அறிவு நன்றாக உயர்ந்தது. ரேடியோ மட்டும் இருந்த கிராமங்களில் முன்னேற்றம் மிகக் குறைவு. நிகழ்ச்சி ஒன்றுதான். நடுவில் இருந்த வித்தியாசம், பெட்டியை அணைத்த பிறகு நடந்த பேச்சு.

1959-இல் இதை நாடு முழுக்க விரித்தார்கள். மன்றங்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறியது, தரம் இறங்கியது. நடத்தும் ஆளும் திரும்பி வரும் கேள்வியும் இல்லாத இடத்தில் மன்றம் பெயருக்குத்தான் இருந்தது. இன்று "இத்தனை பேர் கலந்துகொண்டனர்" என்று ரிப்போர்ட் எழுதும் நமக்கு இது புரியாதா?

இப்போது ஸ்கிரீன் காலத்துக்கு வருவோம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சஞ்சீவ் அரோரா என்ற இந்திய வம்சாவளி கல்லீரல் மருத்துவர். ஹெபடைடிஸ் சி நோயாளிகள் அவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2003-இல் அவர் 'எக்கோ' என்ற திட்டத்தைத் தொடங்கினார். வாரா வாரம் வீடியோவில் கிராமப்புற மருத்துவர்களைக் கூட்டினார். ஆனால் அவர் லெக்சர் அடிக்கவில்லை. அந்த மருத்துவர்கள் தங்கள் நோயாளியைப் பற்றி, பெயர் சொல்லாமல், விவரிப்பார்கள். எல்லாரும் சேர்ந்து விவாதிப்பார்கள். அடுத்த வாரம் அந்த நோயாளி எப்படி இருக்கிறார் என்று பேச்சு தொடரும்.

2011-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் முடிவு வந்தது. 407 நோயாளிகள். பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானவர்கள் 57.5 சதவீதம். கிராமப்புற மருத்துவர்களும் சிறை மருத்துவர்களும் பார்த்த இடங்களில் 58.2 சதவீதம். ஸ்பெஷலிஸ்ட் பார்த்ததற்குக் கொஞ்சமும் குறையவில்லை. நம்ம பெங்களூரு நிம்ஹான்ஸும் மனநல, போதை மீட்புப் பயிற்சிகளை இந்த முறையில் நடத்துகிறது.

ஓலையும் தாளும், அப்புறம் ரேடியோ, இப்போ வீடியோ. கருவி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. வேலை செய்தது எல்லா இடத்திலும் ஒன்றுதான்: அந்தப் பக்கம் பொறுப்பான ஒரு ஆள், சின்னக் கூட்டம், அவர்களுடைய சொந்தப் பிரச்சனை, திரும்பி வரும் கேள்வி.

ஆகவே ஆன்லைன் பயிற்சி நடத்துபவர்களுக்கு, யார் கிளையன்ட்டாக இருந்தாலும் சரி:

நூறு பேரை நூறு செல்போனில் சேர்க்காதீர்கள். ஐந்தாறு பேர் ஒரே அறையில், ஒரே ஸ்கிரீன் முன்னால் உட்காரட்டும்.

அங்கே ஒருவரை முன்கூட்டியே பொறுப்பாளராகப் போடுங்கள்.

பேச்சு அரை மணி நேரம் போதும். பிறகு எல்லாரும் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத் தங்களுக்குள் பேச நேரம் கொடுங்கள்.

கேஸ் அவர்களுடையதாக இருக்கட்டும்.

மேலதிகாரி முன்னால் கேட்கக் கூச்சப்படுபவர்கள் நிறைய பேர். அவர்கள் கேள்வியைப் பொறுப்பாளர் எழுதி அனுப்பட்டும். அடுத்த வாரம் முதல் பத்து நிமிஷம் அதற்கான பதில்தான்.

அடுத்த வாரம் என்று ஒன்று இருந்தே ஆகணும். ஒரே நாளில் முடிந்துபோவது பயிற்சி இல்லை, கூட்டம்.

அடுத்த தடவை "டவுட் இருக்கா?" என்று கேட்டு சத்தம் வரவில்லை என்றால், எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டுவிரியன் கேள்வி அந்த மியூட்டுக்குள் இருக்கலாம்.

உங்கள் துறையில் உருப்படியாக நடந்த ஆன்லைன் பயிற்சி இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். எப்படி நடத்தினார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.