எந்தக் கடிகாரத்தின் நேரம்? பைத்தானில் நேர முத்திரையின் வரலாறு

தரவுத்தளத்தில் ஒரு பதிவு எப்போது உருவானது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று காட்டுவது நேர முத்திரை. பைத்தான் மொழியில் இந்த முத்திரையை இடும் பொறுப்பு முதலில் நிரலாளரிடம் இருந்தது. பிறகு நிரல் சட்டகத்துக்கும், அங்கிருந்து தரவுத்தளத்துக்கும் நகர்ந்தது.

தொடக்கத்தில் பைத்தானில் இருந்த டைம் தொகுதி, 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளை எண்ணாகத் தந்தது. நாளையும் மணியையும் ஒரே பொருளாகக் கையாளும் டேட்டைம் தொகுதி 2003இல் பைத்தான் 2.3உடன் வந்தது. அப்போதும் ஒவ்வொரு பதிவைச் சேமிக்கும்போதும் நிரலாளரே நேரத்தை எழுத வேண்டும்; ஓர் இடத்தில் மறந்தாலும் அந்தப் புலம் வெறுமையாகவே கிடக்கும்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் நாளிதழின் இணையப் பிரிவில் உருவான ஜாங்கோ என்னும் நிரல் சட்டகம் 2005இல் பொதுவெளிக்கு வந்தது. அதன் ‘ஆட்டோ நவ் ஆட்’ என்னும் அமைப்பு, பதிவு பிறந்த நேரத்தை ஒருமுறை மட்டும் எழுதும்; ‘ஆட்டோ நவ்’ சேமிக்கும்போதெல்லாம் நேரத்தைப் புதுப்பிக்கும். ஆனால் பல பதிவுகளை ஒரே கட்டளையில் மொத்தமாக மாற்றினால் சேமிப்புப் படி தவிர்க்கப்படுவதால், பழைய முத்திரையே நீடிக்கும். 2006இல் வெளியான எஸ்க்யூஎல்ஆல்கெமி என்னும் தரவுத்தள நூலகத்தில் முத்திரை இடும் வேலைக்கு ‘டிஃபால்ட்’, ‘ஆன்அப்டேட்’ என்னும் அமைப்புகள் உண்டு.

இவற்றைப் பயன்படுத்துவோர் அடிக்கடி செய்யும் பிழை ஓர் அடைப்புக்குறியில் இருக்கிறது. இயல்பு மதிப்பாக, இப்போதைய நேரத்தைத் தரும் ‘நவ்’ என்ற செயற்கூறின் பெயரை மட்டும் தந்தால், பதிவு பிறக்கும்தோறும் அது அழைக்கப்படும். பெயருக்குப் பின் அடைப்புக்குறி சேர்ந்துவிட்டால், நிரல் ஏற்றப்படும்போதே ஒருமுறை ஓடி நின்றுவிடும். காலை 9 மணிக்குத் தொடங்கிய சர்வர், மாலை வரை வரும் எல்லாப் பதிவுகளிலும் காலை 9 மணியையே பொறிக்கும்.

அடுத்து எழுந்தது நேர மண்டலச் சிக்கல். 2012இல் வந்த ஜாங்கோ 1.4, உலகப் பொது நேரத்தில் சேமித்து, காட்டும்போது உள்ளூர் நேரமாக மாற்றும் வசதியைத் தந்தது. பைத்தானின் ‘யுடிசிநவ்’ செயற்கூறு பொது நேரத்தைத் தந்தாலும், அது எந்த மண்டலத்து நேரம் என்ற குறிப்பைத் தருவதில்லை. அதனால் 2023இல் வந்த பைத்தான் 3.12 அதைக் கைவிடவேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது.

பல சர்வர்கள் ஒரே தரவுத்தளத்தில் எழுதும்போது, அவற்றின் கடிகாரங்கள் சில நொடிகள் முன்பின்னாக இருந்தால் பதிவுகளின் வரிசை குழம்பும். தரவுத்தளமே நேரத்தை எழுதினால் ஒரே கடிகாரம்தான் பேசும். எஸ்க்யூஎல்ஆல்கெமியில் இதற்கு ‘சர்வர் டிஃபால்ட்’ இருக்கிறது. ஜாங்கோவில் ‘டிபி டிஃபால்ட்’ 2023 டிசம்பரில், 5.0 பதிப்புடன் சேர்ந்தது.